ரெஸ்யூமை அனுப்பி வை தம்பி

கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி என்று மின்சார ரயில் எங்கெல்லாம் நிற்கிறதோ, அங்கெல்லாம் தெருவுக்கு ஒருவராக இவர் இருக்கிறார். வயது நாற்பதை ஒட்டி. கம்பெனி கொடுத்த லேப்டாப் பை ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகும்போதும் முதுகில் தொங்கும். பெயர் எதுவானாலும் ஊருக்கு அவர் ஐ.டி. அண்ணன். உத்தியோகம், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜாவா எழுதுவது. அது பழைய கதை. இப்போது ஜாவா எழுதுகிறவர்களைக் கூட்டி வைத்து மீட்டிங் போடுவது. ஆனால் அவருடைய உண்மையான தொழில், அடுத்தவர் பிள்ளைகளை இன்டர்வியூவுக்கு அனுப்புவது.

திருமுல்லைவாயல் மாசிலாமணீசுவரர் கோயிலில் பிரதோஷத்தன்று பிராகாரம் சுற்றிக்கொண்டிருப்பார். ஓர் அம்மா வழிமறிப்பார். "தம்பி, பையன் பி.இ. முடிச்சிட்டு எட்டு மாசமா வீட்லயே இருக்கான். சாப்பிடுறான், போனைப் பாக்கிறான், தூங்குறான். நீங்கதான் ஏதாவது பாத்துச் சொல்லணும்." அண்ணன் நந்தியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே சொல்வார்: "ரெஸ்யூமை அனுப்பி வைக்கச் சொல்லுங்கம்மா. வேர்டு ஃபைல் வேணாம். பி.டி.எஃப்."

இந்தத் தொழிலுக்கு வாடிக்கையாளர் பஞ்சம் கிடையாது. ஆவடியைச் சுற்றியும் பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையிலும் இருக்கிற பொறியியல் கல்லூரிகளின் பேருந்துகளைக் காலை ஏழரை மணிக்குக் கரையான்சாவடியில் நின்று பார்த்தாலே போதும். இந்த நாட்டுக்கு ஜாவா தெரியாமல் போய்விடுமோ என்ற பயம் தீர்ந்துவிடும்.

எஸ்டேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுபதுகளில் சிறுதொழில்களுக்காக எழுந்த தொழிற்பேட்டை அது. அதைச் சுற்றி டி.ஐ. சைக்கிள், டன்லப் டயர், பாடிப் பக்கம் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா என்று இரும்பும் ரப்பரும் கொழித்த பூமி. "எஸ்டேட்ல வேலை" என்று பெண் வீட்டில் சொன்னால் மாப்பிள்ளையின் நகத்தில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்த காலம் உண்டு. இரண்டாயிரத்துக்குப் பிறகு பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. இப்போது அதே வார்த்தைக்குக் கழுத்தில் பட்டை போட்ட ஐ.டி. கார்டு என்று அர்த்தம். லேத் பட்டறைக்காரரும் கிளவுட் ஆர்க்கிடெக்டும் ஒரே கடையில் டீ குடிக்கிறார்கள். அந்தக் கடையின் பக்கவாட்டு பெஞ்சுதான் மாலை நாலரை மணிக்கு மேல் அண்ணனின் ஆலோசனை அறை.

முதல் சிகிச்சை ரெஸ்யூமுக்கு. பையன் கொண்டுவருவது நாலு பக்கம். அதில் அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமணம் ஆகாதவர் என்ற தகவல், பொழுதுபோக்கு என்ற தலைப்பின் கீழ் பாட்டுக் கேட்பதும் கிரிக்கெட் ஆடுவதும், கடைசியில் "மேலே கண்டவை யாவும் உண்மையென உறுதி கூறுகிறேன், இடம்: ஆவடி" என்று ஒரு சத்தியப் பிரமாணம். அண்ணன் ஒவ்வொன்றாக அடிப்பார். "சத்தியம் பண்றதுக்கு இது என்ன கோர்ட்டா தம்பி?" என்பார். இதில் அவர் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அடுத்து ஏ.டி.எஸ். என்று தொடங்குவார், அங்கேதான் பகுத்தறிவு விடைபெறும். வந்து குவியும் விண்ணப்பங்களைச் சேர்த்து வைத்து, ஆள் எடுப்பவர் கேட்கும் சொல்லுக்கு ஏற்பத் தேடித் தரும் மென்பொருள் அது. அண்ணனுக்கோ அது எல்லைச்சாமி. ரெஸ்யூமில் கட்டம் போட்டால் அதற்குக் கோபம் வரும். இரண்டு பத்தியாகப் பிரித்தால் ஆகாது. ஃபோட்டோ வைத்தால் குத்தம். சாந்தி செய்ய, வேலை விளம்பரத்தில் உள்ள சொற்களையெல்லாம் வரிசை தவறாமல் ரெஸ்யூமில் படைக்க வேண்டும். இதன் விளைவாக, கல்லூரி வாசலை விட்டு வெளியே வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பையன் ஒருவன் பன்னிரண்டு தொழில்நுட்பங்களில் நிபுணனாகி, முதல் கேள்வியிலேயே பிடிபட்டான்.

அடுத்து நௌக்ரி. தினமும் காலை ஒன்பது மணிக்குள் அந்தத் தளத்தில் புரொஃபைலைத் தொட்டுவிட வேண்டும், அப்போதுதான் எச்.ஆர். தேடும்போது மேலே வரும். எதை மாற்றுவது? "இன்னைக்கு ஒரு ஃபுல் ஸ்டாப் வை. நாளைக்கு எடுத்துடு." ஆவடி வட்டாரத்தில் ஒவ்வொரு காலையும் நூற்றுக்கணக்கான முற்றுப்புள்ளிகள் பிறந்து, மறுநாள் காலை மறைகின்றன.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணன் வீட்டு மாடியில் மாதிரி இன்டர்வியூ. அண்ணன் லுங்கிக்கு மேலே ஃபார்மல் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பார். வீடியோ கால் காலத்தில் வந்த பழக்கம், விடவில்லை.

"டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்."

"மைசெல்ஃப் பிரவீன், ஐ ஆம் கமிங் ஃப்ரம் ஆவடி…"

"நிறுத்து. 'கமிங் ஃப்ரம்'னு சொல்லாத. எந்த பஸ்ல வந்தேன்னு கேப்பான். அப்பா, அம்மா, ஒரு தங்கச்சின்னு ஆரம்பிக்காத. அவன் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கான்? நீ என்ன செஞ்ச, எதுல செஞ்ச, என்ன ஆச்சு. ஒன்றரை நிமிஷம்."

நல்ல ஆலோசனை. அதைச் சொல்லி முடிக்க அண்ணனுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

பலவீனம் பற்றிய கேள்விக்கு அவர் கைவசம் ஒரே பதில்தான்: "ஐ ஆம் எ பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்." அவரிடம் பயின்று வெளிவந்த அத்தனை பேரும் வேலையை அளவுக்கு மீறிக் கச்சிதமாகச் செய்துவிடும் நோயால் அவதிப்படுகிறார்கள். ஒரு கம்பெனியில் ஒரே நாளில் மூன்று பேர் அடுத்தடுத்து இந்த நோயைச் சொல்லப்போக, "நீங்கள்லாம் திருமுல்லைவாயலா?" என்று எச்.ஆர். கேட்டதாக ஒரு கதை உலவுகிறது.

சுந்தர் பிச்சை இல்லாமல் எந்த வகுப்பும் நிறைவதில்லை. அசோக் நகரில் வளர்ந்தவர், நம்ம பையன், 2004இல் கூகுள் இன்டர்வியூவுக்குப் போகிறார். அன்று ஏப்ரல் 1. அன்றைக்குத்தான் ஜிமெயிலை அறிவிக்கிறார்கள். ஜிமெயிலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அவரோ அதை முட்டாள்கள் தின விளையாட்டு என்று நினைத்திருக்கிறார். பார்த்ததே இல்லை என்று உண்மையைச் சொல்கிறார். ஒருவர் எடுத்துக் காட்டிய பிறகுதான் அடுத்த சுற்றில் கருத்துச் சொல்கிறார். வேலை கிடைக்கிறது. இதைப் பிச்சையே மேடையில் சொல்லியிருக்கிறார். அண்ணன் இதிலிருந்து எடுக்கும் பாடம்: "தெரியலைன்னா தெரியலைன்னு தைரியமா சொல்லு." ஆவடிப் பையன் ஒருவன் அப்படியே செய்தான். ஐந்து கேள்வி, ஐந்து தைரியம். பன்னிரண்டரை மணிக்கெல்லாம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மாடிப்படிக்குக் கீழே சாய்வு நாற்காலியில் அண்ணனின் அப்பா. ஐ.டி.ஐ. ஃபிட்டர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, கடிதம் வந்து, டேங்க் ஃபேக்டரியில் சேர்ந்து விஜயந்தாவிலும் டி-72இலும் கைவைத்து ஓய்வுபெற்றவர். 1961இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் நிர்வாகம் 2021 அக்டோபரில் கார்ப்பரேஷன் ஆனதிலிருந்து உலக நடப்பில் அவருக்கு நம்பிக்கை குறைவு. மாடியில் நடப்பதெல்லாம் அவர் காதில் விழும்.

"லிங்க்டு லிஸ்ட்டை எப்படித் திருப்புவ, சொல்லு" என்று அண்ணன் கேட்க, பையன் பேப்பரில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தான். கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏண்டா, வேலைக்குச் சேந்தா அதைத்தான் திருப்பிக்கிட்டிருப்பானா?"

"இல்லப்பா. அதுக்கெல்லாம் ரெடிமேடா இருக்கு. நாம எழுத வேண்டியதில்ல."

"அப்புறம் என்ன வேலை?"

"அது… ஸ்க்ரீன்ல பட்டன் சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும். பழைய கோடுல என்ன தப்புன்னு பாக்கணும்."

"அப்ப பழைய கோடைக் குடுத்து, தப்பு எங்கன்னு கேளேன்."

அண்ணனிடம் பதில் இல்லை. பெரியவர் விடவில்லை. "எனக்கு டிரேட் டெஸ்ட்டுல ஒரு இரும்புத் துண்டு குடுத்தான். ஒரு ஃபைல் குடுத்தான். சதுரமா தேய்ச்சுக் குடுன்னான். தேய்ச்சுக் குடுத்தா, டிரை ஸ்கொயரை வச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாத்தான். இடுக்குல வெளிச்சம் தெரிஞ்சா வீட்டுக்குப் போ. தெரியலைன்னா நாளைக்கு வா. என் பலவீனம் என்னன்னு ஒருத்தனும் கேக்கல."

இந்த வழக்கில் என் தீர்ப்பு பெரியவர் பக்கம். சேர்ந்த பின் செய்யப்போகும் வேலையைச் சேர்வதற்கு முன் செய்து காட்டச் சொல்வதில் என்ன சிரமமோ, மென்பொருள் உலகம் அதைச் சுற்றிச் சுற்றி வேறெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டது. விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்கிற மாதிரிப் புதிர்களெல்லாம் வெறும் நேர விரயம் என்று கூகுளின் அப்போதைய மனிதவளத் தலைவர் லாஸ்லோ போக் 2013இலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். அந்தச் செய்தி திருமுல்லைவாயலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. "ஆவடியிலேருந்து சென்ட்ரல் வரைக்கும் எத்தனை டீக்கடை இருக்கும்?" என்று அண்ணன் இன்றும் கேட்கிறார். "ரயில்லயா, பஸ்லயா?" என்று கீழேயிருந்து கேட்ட பெரியவர்தான் இதுவரை வந்ததில் நல்ல பதில் சொன்னவர்.

அண்ணனைக் கேலி செய்தே முடித்துவிட முடியாத இடம் ஒன்று உண்டு. ஒன்றரை லட்சம் கட்டினால் பின்வாசல் வழியாக வேலை என்று ஒரு கன்சல்டன்சி பையன்களைப் பிடிக்கும். இன்னொன்று, மூன்று வருட அனுபவத்தைச் சம்பளச் சீட்டோடு அச்சடித்துத் தரும். இப்படி யாராவது வந்து சொன்னால் அண்ணனின் முகமே மாறிவிடும். ஏ.டி.எஸ். பேச்செல்லாம் காணாமல் போகும். "பி.எஃப்.புக்கு யு.ஏ.என்.னு ஒரு நம்பர் இருக்கு. எந்தக் கம்பெனியில எந்த மாசம் சேந்த, எப்ப விட்டன்னு வரிசையா காட்டும். மூணு வருஷம் அனுபவம்ங்கிற, பி.எஃப். எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ? வேலைக்கு நாமதான் காசு குடுக்கணும்னா அது வேலையே இல்ல தம்பி." அம்மாவின் வளையலை அடகு வைக்கக் கிளம்பிய பையன்கள் சிலர் அவர் வீட்டு வாசலிலிருந்தே திரும்பியிருக்கிறார்கள். வீடியோவில் வேறொருவரை வாயசைக்க வைப்பது, ஏ.ஐ.யிடம் கேட்டுக் கேட்டுப் பதில் படிப்பது இரண்டையும் அவர் கிட்டே சேர்ப்பதில்லை. கூகுள் இன்டர்வியூவில் ஒரு சுற்றாவது நேரில் வைக்கப்போகிறோம் என்று பிச்சை 2025இல் சொன்னதும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. தானே சொல்லிக்கொடுத்தது போல இருந்தார்.

சம்பளம் பேசுவதிலும் அவர் பெரிய வீரர், மாடியில் மட்டும். "நம்பரை நீ முதல்ல சொல்லாத. அவனைச் சொல்ல விடு." புதியவர்களுக்குப் பெரிய கம்பெனிகள் தரும் தொகை பல வருடங்களாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தையே சுற்றி வருகிறது, அதில் யார் முதலில் சொன்னாலும் தொகை மாறப்போவதில்லை. அண்ணனிடம் அவருடைய மேனேஜர் போன அப்ரைசலில் ஆறு சதவீதம் என்றார். அண்ணன் "தேங்க் யூ" என்றார்.

"வீட்டுக்குப் பக்கத்துலயே வேலை தேடாத, வளர மாட்ட" என்பது இன்னொரு வாக்கு. அதைக் கேட்டு சிறுசேரிக்குப் போன பையன் விடியற்காலை கம்பெனி பஸ் ஏறி, வளர்வதற்குள் களைத்துப் போனான். சொன்னவருக்கோ வீட்டிலிருந்து அலுவலகம் ஸ்கூட்டரில் பதினைந்து நிமிடம். பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறந்ததிலிருந்து இந்த வாக்கை அவர் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்.

அவருடைய ஆலோசனையால் யாருக்காவது வேலை கிடைத்ததா? கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிடைத்தது பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் பதிலாலோ முற்றுப்புள்ளியாலோ அல்ல. ரெஸ்யூமைத் தன் கம்பெனியின் உள் தளத்தில் ரெஃபரலாக ஏற்றிவிட்டு, சம்பந்தப்பட்ட மேனேஜரை டீக்கடைக்குக் கூப்பிட்டு, "நம்ம ஏரியா பையன், ஒரு தடவை பேசிப் பாருங்க" என்று அண்ணன் சொன்னதால். ரெஃபரலுக்குப் போனஸ் உண்டு. சேர்ந்தவன் மூன்று மாதம் நின்றால்தான் அது கைக்கு வரும். ஆகவே அந்த மூன்று மாதமும் வாரம் தவறாமல் அண்ணனின் அழைப்பு: "எப்படி இருக்க தம்பி? மேனேஜர் திட்டுனா மனசுல வச்சுக்காத. விட்டுடாத." நான்காவது மாதத்திலிருந்து அன்பு வழக்கமான அளவுக்கு வந்துவிடும்.

2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதிகமும் நடு மட்டத்திலும் மூத்த மட்டத்திலும் என்றார்கள். அண்ணன் இருப்பது வேறு கம்பெனி. ஆனாலும் அந்த ஞாயிறு மாடியில் வகுப்பு நடக்கவில்லை. பதினோரு வருடம் கழித்து அவர் தன் ரெஸ்யூமைத் திறந்தார். நாலு பக்கம். கடைசியில் உறுதிமொழி, இடம்: அம்பத்தூர். பிரவீனைக் கூப்பிட்டார். இப்போது இரண்டு வருட அனுபவசாலியான பிரவீன் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டான். ஹேஷ்மேப் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்றான். அண்ணன், தன் டீமில் அதைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு பெண் இருக்கிறார் என்றார். பலவீனம் என்ன என்றான். அண்ணன் வாயைத் திறப்பதற்குள், "ணா, அதை மட்டும் சொல்லாதீங்க" என்றான்.

படிக்கிறவர்கள் யாராவது ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தால் கொஞ்சம் பாருங்கள். பதினாறு வருட அனுபவம், ஜாவா, கொஞ்சம் கிளவுட், எஸ்டேட் பக்கம் என்றால் விசேஷம், பட்டாபிராம் என்றாலும் சரி. நோட்டீஸ் பீரியட் 90 நாள். பேசினால் அறுபதுக்கு இறங்குவார். ரெஸ்யூம் இப்போது இரண்டு பக்கம்தான், பி.டி.எஃப்.