கூட்டணி வல்லவர்களுக்கு ஒரு வாழ்த்து

தனியார் மருத்துவமனைக் குழுமங்களின் திறமையை முழுதாக மெச்ச வேண்டுமானால் டாலிகஞ்சில் நின்றுதான் மெச்ச வேண்டும். அந்தமானில், போர்ட் பிளேரின் இந்தப் பகுதியில் 1983-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் மையம் தொடங்கியது. தீவு மக்களை வாட்டிய மர்மக் காய்ச்சல் எலிக்காய்ச்சல்தான் என்று தெளிவானதில் அதன் அரசு விஞ்ஞானிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே 1983-ல்தான் சென்னை கிரீம்ஸ் சாலையில் அப்போலோ மருத்துவமனை திறந்தது. அரசு நோயைத் தேடிக் கடல் கடந்தது. தனியார் துறையோ நோயாளி தன்னைத் தேடி வரும்படி செய்தது. இரண்டாவது வித்தைதான் ஓங்கி வளர்ந்தது. லாபமில்லாத நோய்களை அரசுக்கே விட்டுக்கொடுத்த பெருந்தன்மையை யார் மறுப்பார்கள்?

கூட்டுச் சேர்வதிலும் இவர்களுக்கு நிகரில்லை. 2018-ல் மலேசியாவின் ஐஎச்எச் குழுமம் ஃபோர்டிஸ் மருத்துவமனைகளைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. 2021-ல் மணிப்பால் குழுமம் கொலம்பியா ஏசியா மருத்துவமனைகளை வாங்கியது. 2023-ல் சிங்கப்பூரின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக் மணிப்பாலில் பெரும்பங்கு எடுத்தது. அதே ஆண்டு மணிப்பால் கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனைகளை வாங்கியது. 2024-ல் மருத்துவமனைக் குழுமங்களான ஆஸ்டரும் குவாலிட்டி கேரும் இணைவதாக அறிவித்தன. இவர்களைக் கடலுக்கு அஞ்சுபவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. முதலீடு எத்தனை கடல் தாண்டியும் வருகிறது. சென்னைக்கும் அந்தமானுக்கும் நடுவே உள்ள ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் கடலை மட்டும் நோயாளிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். போர்ட் பிளேரின் அரசு ஜி.பி. பந்த் மருத்துவமனையில் முடியாத சிகிச்சைக்கு ரெஃபரல் வாங்கியவர், விமானமென்றால் இரண்டு மணி நேரத்திலும் கப்பலென்றால் மூன்று நாளிலும் இவர்கள் வாசலுக்கு வந்து சேரலாம்.

போட்டி வந்தால் விலை இறங்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தப் பாடத்தையே திருத்தி எழுதிய மேதைகள் இவர்கள். இதயக் குழாயில் வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் பல இடங்களில் லட்ச ரூபாயைத் தாண்டி விற்றது. ஒரே சாலையில் நாலு மருத்துவமனை போட்டி போட்டும் அது இறங்கவில்லை. 2017 பிப்ரவரியில் அரசு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு போட்ட பிறகுதான் இறங்கியது. 2018-ல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் தலைநகர் வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தது. சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை இருந்தது. இதற்கு அதிகபட்ச சில்லறை விலையை மீற வேண்டிய தேவையே இல்லை, அவ்வளவு நேர்த்தி! மொத்தமாக வாங்குபவர்கள் என்பதால், தங்களுக்கு வேண்டிய உயர்ந்த விலையைத் தயாரிப்பாளரையே அட்டையில் அச்சடிக்க வைத்தார்கள். அச்சிட்ட விலைக்குத்தான் விற்றார்கள். கட்டிலில் கிடப்பவர் எழுந்து வேறு கடைக்குப் போக முடியாது என்பதை இவர்களைப் போல ஆழமாக உணர்ந்தவர்கள் இல்லை.

தீவிலிருந்து வந்தவருக்கோ பில்லுக்கு வெளியேயும் செலவு உண்டு. உடன் வந்தவருக்கு லாட்ஜ் வாடகை, டிக்கெட், ஊரில் போன கூலி, அக்கம்பக்கத்தில் விட்டு வந்த பிள்ளைகளின் சாப்பாடு. எந்தக் குழுமத்தின் காலாண்டுக் கணக்கிலும் இது ஒரு வரியாகக்கூட வராது. அந்தக் கணக்கில் வருவது ஒரு படுக்கைக்கு ஒரு நாள் வருமானம். அது ஏறியதென்று பங்குதாரர்களுக்குச் சொல்லும்போது, ஏறிய வருமானம் அந்தப் படுக்கையில் கிடந்த யார் வீட்டு நகையிலிருந்து வந்தது என்று ஒருவரையும் நினைக்க விடாமல் பார்த்துக்கொள்கிறார்களே, அந்தத் திறமைக்கு என் மனமார்ந்த வாழ்த்து.