புலித்தலை ராட்சசனும் என் தூக்கமும்

ஸ்கார்பரோ, கனடா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் அனுப்பின போட்டோவில் மேசைமேல் கிடந்த தடித்த புத்தகத்தைப் பார்த்துட்டு, "மறுபடி என்ன சோதனைக்குப் படிக்கிறாய்?" என்று கேட்டிருந்தீங்க. இந்நேரம் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் எல்லாரிடமும் சொல்லியும் முடிச்சிருப்பீங்க. அது விளையாட்டுப் புத்தகம் அம்மா. 384 பக்கம். விலையை ரூபாயில் கேட்காதீங்க. அப்பா பக்கத்தில் இருந்தா டாலரிலும் கேட்காதீங்க.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர் 1974இல் உண்டாக்கியது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பைத் திருத்தி, ஐம்பதாவது வருஷத்தில், 2024இல் புதுசா விட்டிருக்காங்க. ஒருத்தர் கதை சொல்லுவார். மற்றவங்க வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசி, இருபது முகப் பகடையை உருட்டணும். காசு வைச்சு ஆடுறதில்லை, சத்தியமா.

புதுப் பதிப்பில் நம்ம ஆளுக்கு ஒரு பழைய தொழிலைத் தெரிவு செய்யணும். பதினாறு இருக்கு. பலம், புத்தி எல்லாம் அதை வைச்சுத்தான் கூடும். அப்பாவை நினைச்சு வியாபாரி என்று போட்டேன். வியாபாரிக்கு மிருகங்களைப் பழக்க வருமாம், கடலில் திசை பார்க்கும் கருவிகளும் கைவருமாம், அதிர்ஷ்டம் வேற கூடவே வருமாம். கொழும்பு வீதியில் இத்தனை வருஷமா கடை வைச்சிருக்கிற மனுஷனுக்கு வாசலில் வர்ற குரங்கை விரட்டத் தெரியாது. கடலென்றால் காலிமுகத்திடல் மட்டும். அதிர்ஷ்டத்தைப் பற்றி அவருடைய லாச்சியில் கிடக்கிற லொத்தர் சீட்டுகளைத்தான் கேட்கணும்.

2025 பெப்ரவரியில் வந்த பூதங்களின் புத்தகத்தில் நம்ம ராட்சசனும் இருக்கான். புலித் தலை, உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கும். "இராவணன் ஆண்ட நாட்டுக்காரன் சொல்றேன், இப்படி ஒருத்தனை நாங்க கேள்விப்பட்டதே இல்லை" என்று எடுப்பாகச் சொன்னேன். கதை சொல்றவர் பகடையை உருட்டச் சொன்னார். மூன்று விழுந்தது. ராட்சசன் வெட்டிப் போட்டான்.

வெட்டுப்பட்டுக் கிடந்தவனை என்ன செய்தாங்க தெரியுமா? தூங்க வைச்சாங்க!

லாங் ரெஸ்ட் என்று சொல்லுவாங்க. எட்டு மணி நேர ஓய்வு, அதில் ஆறு மணி நேரமாவது தூக்கம். எழும்பினா அத்தனை காயமும் ஆறியிருக்கும், டிராகன் சுட்டது உட்பட. கட்டு வேணாம், சித்தாலேப்பவும் வேணாம். ஒன்று முடிஞ்சா அடுத்ததுக்குப் பதினாறு மணி நேரம் பொறுக்கணும்; இந்த வரியைத் தம்பிக்கு இரண்டு தரம் வாசிச்சுக் காட்டுங்க. நடுவில் சண்டை தொடங்கினா ஓய்வு கலைஞ்சிடும். அப்படிப் பார்த்தா சித்தி வீட்டில் கலியாணமான நாளிலிருந்து ஒருத்தரும் லாங் ரெஸ்ட் எடுத்திருக்க முடியாது.

சோர்வுக்கும் படி வைச்சிருக்காங்க. ஒவ்வொரு படிக்கும் பகடையில் இரண்டு குறையும், ஆறாம் படியில் ஆள் காலி. ஒரு லாங் ரெஸ்டுக்கு ஒரு படிதான் இறங்கலாம். இரவெல்லாம் கோடவுனில் பெட்டி தூக்கி, இரண்டு பஸ் மாறி வந்து படுத்தா, மேல்மாடிக்காரர் தூசு உறிஞ்சுற மெஷினைப் போடுவார். நான் நாலாம் படியில் நிற்கிறேன் அம்மா. சூப்பர்வைசர் இந்தப் பக்கத்தை வாசிச்சதாகத் தெரியவில்லை. பெரஹெர மேளத்துக்கே எழும்பாதவன் என்று நீங்க திட்டினது எவ்வளவு பெரிய சொத்து என்று இப்பதான் விளங்குது.

ஒரு நல்ல செய்தி. நீங்க விளக்கு வைச்சிட்டு எடுக்கிற போன், இங்கே நான் படுக்கிற காலை நேரத்துக்கு வரும். தூக்கத்தைக் கெடுக்கிறோமோ என்று இனி யோசிக்க வேணாம். பேசுறது லேசான வேலை, இரண்டு மணி நேரம்வரை ஓய்வு கலையாது என்று புத்தகத்திலேயே போட்டிருக்கு. சித்தியின் காணி வழக்கை மட்டும் என் லீவு நாளுக்கு வைங்க. அது இரண்டு மணி நேரத்தில் அடங்காது.

அன்புடன்,
உங்கள் மூத்தவன்