பிடி அரிசி போன இடம்

தபசு காலம் தொடங்கிவிட்டால் முகையூர் வீட்டு அடுப்படியில் ஆயா ஒரு மண்கலயம் வைத்துவிடுவார். உலைக்கு அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி அதற்குள் போகும். வெள்ளிக்கிழமை ஒருசந்தி, அன்று மிச்சமாகும் ஒரு வேளை அரிசி முழுவதும் கலயத்துக்குத்தான். மல்லாட்டை பிடுங்கினால் முதல் மரக்கால் மாதா கோயிலுக்கு. இதெல்லாம் யாருக்குப் போகிறது என்று ஆயா கேட்டதே இல்லை. வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் வாராவாரம் கூடி, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தக் கிழவிக்குக் கண் தெரியவில்லை என்று பேசி, தாங்களே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். 1833இல் பாரிசில் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கிய சபை அது. ஏழையின் வீட்டுப்படியை நேரில் மிதிப்பதுதான் அதன் உயிர். அவர்கள் பார்த்துவிட்டு வந்ததால் ஆயா பார்க்காமல் கொடுக்க முடிந்தது.

வேதபோதக ஞாயிற்றுக் காணிக்கைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பிரான்சின் லியோன் நகரில் போலின் ஜாரிக்கோ என்ற பெண், பட்டுத் தொழிலாளிகளிடம் வாரம் ஒரு சின்னக் காசு சேர்த்தார். 1822இல் அதிலிருந்து பிறந்த சபையின் பணம், நம் தென்னார்க்காட்டுப் பக்கம் உழைத்த பாரிஸ் மிஷன் சாமியார்களுக்கும் வந்தது. அந்த ஏழைகளின் காசில் வளர்ந்தவர்கள் நாம்.

இன்று கலயத்தின் இடத்தில் போன் இருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்து, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, தென்பெண்ணை கரை புரண்டபோது, என் போனுக்கு வந்த உதவிக் கோரிக்கைகளில் பாதி எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை. கோரிக்கையில் இருக்கும் கியூஆர் கட்டத்தைப் படம் பிடித்தால் பணம் போய்விடும். போன இடத்தைப் பார்த்துவந்து சொல்ல ஒருவரும் இல்லை.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் ஒருநாள் கேட்டாள்: “அப்பா, நான் மாசாமாசம் பணம் அனுப்புற நிறுவனம் பொம்பளைப் பிள்ளைங்களைப் படிக்க வைக்குது. ஆனா கருக்கலைப்புக்கும் செலவு பண்றாங்களாம். படிப்புக்கு மட்டும்னு எழுதிக் குடுத்தா பாவமில்லையே?”

நல்ல கேள்வி. தீமையை விரும்பி அதற்குக் கை கொடுப்பது வேறு, எங்கோ தள்ளி நடப்பதற்கு நம் காசு விரும்பாமல் போய்ச் சேருவது வேறு என்று திருச்சபை பிரித்துத்தான் பார்க்கிறது. இரண்டாவதற்கு வலுவான காரணம் இருந்தால் இடமுண்டு. அவளுக்கு அந்தக் காரணம் இல்லை என்றேன். படிப்புக்கென்று கொடுக்கும் பணம், அவர்கள் கையிலிருக்கும் மற்றப் பணத்தைக் கருக்கலைப்புக்கு விடுவிக்கிறது. அதே உதவியைச் செய்யும் கன்னியர் இல்லங்கள் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும்போது அங்கே ஏன் போக வேண்டும்?

இப்போது அந்த இல்லங்களுக்கு நம் காசு தேவைப்படுகிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இறுகிவிட்டது. அன்னை தெரேசாவின் சபைக்கே 2021 கிறிஸ்துமஸ் அன்று அனுமதிப் புதுப்பிப்பு மறுக்கப்பட்டு, 2022 ஜனவரியில்தான் திரும்பக் கிடைத்தது. லியோன் காசை நம்பியிருந்த காலம் முடிந்தது.

ஆனால் கருக்கலைப்பு இல்லை என்பதோடு கேள்வி முடிந்துவிடாது; சாதி பார்க்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். 2008 மார்ச்சில் எறையூரில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதிப் பகை மூண்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். சாதிக்காகக் கல்லறையில் சுவர் எழுப்பும் ஊர் கட்டுகிற கோபுரத்துக்கு நான் காசு தர மாட்டேன். கருவில் இருக்கும் உயிருக்கு உள்ள மாண்பு காலனியில் இருக்கும் உயிருக்கும் உண்டு. ஒன்றைக் காத்து மற்றதை மிதிப்பவர்களிடம் கத்தோலிக்கப் பெயர்ப்பலகை மட்டும்தான் இருக்கிறது.

பெயரில் அன்பு என்ற சொல் இருந்தால் மட்டும் போதாது என்பதை 2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூர் காட்டியது. உரிய பதிவில்லாமல் நடந்ததாக அதிகாரிகள் சொன்ன ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களை மீட்டார்கள். பலரை முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். அடித்தார்கள், ஆட்கள் காணாமல் போனார்கள் என்றெல்லாம் புகார்கள் வந்தன. இத்தகைய இடங்களுக்கு அரிசி மூட்டையும் பிறந்தநாள் சாப்பாடும் தந்தவர்கள் நம்மைப் போன்ற நல்ல மனசுக்காரர்கள்தான். வருமான வரி விலக்கு ரசீது கிடைக்கிறதா என்று பார்ப்பதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது அங்கே நடப்பதைப் பார்ப்பதிலும் காட்டியிருக்கலாம்.

ஆகவே பணம் அனுப்புமுன் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். பதிவுச் சான்றையும் கணக்கையும் கேளுங்கள். சமையல்கட்டையும் படுக்கும் இடத்தையும் காட்டச் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்களோடு தனியாகப் பேசுங்கள். போக முடியாவிட்டால், உங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையில் ஓர் ஆளாகச் சேருங்கள். பல பங்குகளில் அந்தச் சபைக்கு இன்று இளைஞர்கள் வருவதில்லை.