காருக்குள் ஒரு கவுன்சலிங்

2020 மார்ச் 25, ஊரடங்கின் முதல் நாளே தொலைமருத்துவ நெறிமுறை வந்துவிட்டது. டெல்லி துவாரகா அடுக்ககங்களில் தனி அறைதான் வரவில்லை. மாமியாரைப் பற்றிப் பேச வேண்டியவர் மாமியார் காதுபடப் பேச முடியுமா? கீழே நிறுத்திய காருக்குள் போய்த்தான் பேச வேண்டும். ஆலோசகர் பாவம், திரையில் பாதி முகத்தையும் முழு ஸ்டீயரிங்கையும் பார்த்து மனத்தை அளக்கிறார். அழுகை தொண்டைக்கு வரும் நேரம் பார்த்துத் தலைக்கு மேல் ஒரு விமானம் உறுமிப் போகும். "கேட்குதா?" என்பதுதான் அமர்வின் ஆழமான கேள்வி. ஆலோசகர் வீட்டிலோ குக்கர் மூன்றாவது விசில். அவர் கண்ணும் அடுப்படிப் பக்கம் ஓடுகிறது.

2022 அக்டோபரில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையும் வந்தது. 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே காவலாளி கண்ணாடியைத் தட்டுகிறார்: "மேடம், வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்க."