இன்னொருக்கா பாத்துர்றேன்

எந்தக் கணக்குப் பிரிவிலும் இப்படி ஒருவர் இருப்பார். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கொஞ்சம் கூடுதலாகவே இருப்பார். எக்செல் கூட்டிக் கொடுத்த தொகையைக் கால்குலேட்டரில் கூட்டிப் பார்ப்பவர். இரண்டும் ஒத்துப்போனால் முகம் வாடிவிடும். "அதெப்படிங், ஒரே தடவைல டேலி ஆகும்?" என்பார். பத்து ரூபாயாவது உதைத்தால்தான் உற்சாகம்.

மாதாமாதம் 20-ஆம் தேதி அவருக்குத் திருவிழா. ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் தாக்கலாகி, ஒப்புகை எண்ணும் வந்திருக்கும். லாக்அவுட் செய்வார். செய்த கையோடு மறுபடி லாகின் செய்து, 'ஃபைல்டு' என்று காட்டுகிறதா என்று பார்ப்பார். பிறகு ஆடிட்டர் ஆபீசுக்குப் போன். அங்கே இவர் எண்ணைப் பார்த்தாலே, ஹலோவுக்குப் பதில் "ஆயிருச்சுங்க" என்றுதான் எடுப்பார்கள்.

பார்ட்டி பணம் போட்டுவிட்டேன் என்றால் போதும், வங்கிப் பக்கம் திறந்துவிடும். நெஃப்ட் பணம் அரை மணிக்கு ஒரு தொகுப்பாக, நாளுக்கு 48 தொகுப்புகளாகத்தான் நகரும். நம்மவர் ஒரே தொகுப்புக்குள் முப்பது முறை பேலன்ஸ் பார்த்திருப்பார்.

இதை முதலாளி கவனம் என்று மெச்சுகிறார். எனக்கு அதில் சந்தேகம். கவனமானவர் ஒருமுறை பார்ப்பார், பார்த்ததை நம்புவார். நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்செல் வான் டென் ஹவுட்டும் மெரல் கிண்ட்டும் 2003-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பு. அணைந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பலமுறை பார்த்தவர்களுக்கு நினைவு தப்பவில்லை. அந்த நினைவின் மேல் இருந்த நம்பிக்கைதான் தேய்ந்தது. நம்மவரை அழைத்திருந்தால் சிலிண்டரையும் எடை போடச் சொல்லியிருப்பார்.

வைத்தியம் பார்த்தது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொண்ணு. "அண்ணா, காலைல பதினொண்ணுக்கு ஒருக்கா, சாயங்காலம் நாலு மணிக்கு ஒருக்கா. நடுவுல பாக்கோணும்னு தோணுச்சுன்னா, பாக்காதீங்க, நோட்டுல நேரத்த மட்டும் எழுதுங்க."

முதல் நாள் நோட்டு இரண்டு பக்கம் நிறைந்தது. சாயங்காலம் அதற்கும் கீழே கோடு போட்டு டோட்டல் எடுத்தார். அதைக் கால்குலேட்டரிலும் தட்டிப் பார்த்தார் என்பது வேறு விஷயம். ஆனால் வாரம் செல்லச் செல்லப் பக்கம் குறைந்தது. அரிப்பு தானாக அடங்கும் என்று கை கண்டுகொண்டது. கால்குலேட்டர் டிராயருக்குள் போயிற்று.

ஒருநாள் மதியம் முதலாளி இன்டர்காமில் கூப்பிட்டார்.

"ஈரோட்டுப் பார்ட்டி பணம் வந்துருச்சா?"

"நாலு மணிக்குச் சொல்றனுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இரண்டே நிமிடம். ஏசி அறைக் கதவு திறந்தது. முதலாளி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"சும்மா ஒருக்கா பாத்துரலாம், தொறங்க."

நம்மவர் நோட்டையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார். "மணி மட்டும் எழுதுங்க சார்."