ஆச்சி உலக்கையும் பேரன் கசரத்தும்

எய்யா, அந்த உலக்கையப் பைய கீழ வை. ஒங்க ஆச்சி கண்ணுல பட்டுச்சுன்னா நெல்லக் குத்த மாட்டா, ஒன்னையக் குத்துவா.

நீ டீவியப் பாத்துக் கசரத்துப் பண்ணுத, அத வேண்டாங்கல. பாளையங்கோட்டையில மாடி வீடு, மடியில கம்ப்யூட்டரு, வாசலுக்கு வருத பரோட்டா. தொந்திக்கு ஒரு வழி பண்ணித்தான் ஆவணும். அந்த வீடியோப் பிள்ள கையில ஒரு கம்பு வச்சிருக்காள்ல, நாலடி நீளம், மேல ரப்பர் உறை, உள்ள இரும்பு. 12 பவுண்டுங்கா. நம்ம கணக்குல அது அஞ்சரைக் கிலோ கூடக் கெடையாது. அதுக்குக் கடைக்காரன் சொன்ன வெலையக் கேட்டுத்தான் நீ எங்க புறவாசல்ல வந்து உருட்டுத. உருட்டு. ஆனா ஒண்ணு, இந்த வீட்டுல உள்ள ஒவ்வொரு சாமானும் ஒரு சோலிக்குன்னு செஞ்சது. ஒனக்குன்னு செஞ்சது ஒண்ணும் இல்ல.

இந்தா, ரெண்டு வெரலச் சேத்து நீட்டு. உலக்கைய அதுக்கு மேல படுக்கப் போடு. நட்ட நடுவுல வச்சும் பூண் பக்கம் சாயுதா? வெரலப் பூண் பக்கமாப் பைய நகத்து. இன்னும் கொஞ்சம். நின்னுட்டுல்லா? நடுவுல இருந்து எத்தன வெரக்கடை தள்ளி நிக்குன்னு பாரு. நீ ரெண்டு கையையும் சமமா வச்சுப் புடிச்சதா நெனச்சுக்கிட்டுத் தூக்கு தூக்குன்னு தூக்குவ. பூண் பக்கத்துத் தோளு மட்டும் கூடச் சொமக்கும். நாலு நாள் கழிச்சு தைலம் தேடுவ, வீடியோ சரியில்லம்ப. எந்தக் கம்ப எடுத்தாலும் மொதல்ல இந்த வெரல் பரிச்ச. நின்ன எடத்துல சாக்பீஸால ஒரு கோடு. கைய அந்தக் கோட்டுல இருந்து அளந்து வை.

கடப்பாரைய ஏன் முறைச்சுப் பாக்க? கனம் இருக்குதான். ஒரு முனை கூரு, மறுமுனை பட்டை. அதத் தோளுல வச்சுக்கிட்டு இடுப்ப இந்தப் பக்கம் திருப்புனா டீவி, அந்தப் பக்கம் திருப்புனா ஒம் பொஞ்சாதி. ரெண்டுல எதுக்கு இன்னும் ஈ.எம்.ஐ. பாக்கின்னு யோசிச்சுட்டுத் திரும்பு.

கர்லாக்கட்டை இருக்கான்னு கேட்ட. அது வேற வித்த. கனம் பூரா அடிப்பக்கம், அதத் தோளச் சுத்திச் சொழட்டணும், சொல்லிக் குடுக்க ஆசான் வேணும். உங்க வீடியோப் பிள்ள 'ஒன், டூ'ன்னு நேரா ஏத்தி எறக்குததுக்கு அது ஒத்து வராது. அம்பாசமுத்திரத்துல சொப்புச் சாமான் கடையுத கடசல் பட்டறையில நாலடிக்கு ஒரு கம்பு கடைஞ்சு தாங்கன்னா அழகாத் தருவாவ. ஆனா ரெண்டு இஞ்சு கனத்துக்குத் தேக்கே போட்டாலும் ஒன்றரைக் கிலோ வந்தாப் பெரிசு. பழகுததுக்கு அது போதும். அதுக்குக் கூடத் துட்டு வேண்டாம்னா மாப்புக் கம்பக் கழத்து. சிரிக்காதல. மொத ஒரு வாரம் வெறுங்கம்பு வச்சு முதுக வளைக்காமக் குனியப் படி. முட்டி எங்க போவுது, முழங்கை எங்க போவுதுன்னு பாரு. பாரம் வந்த பொறவு அதப் பாக்க ஒனக்கு நேரம் இருக்காது.

பி.வி.சி. பைப்புல தண்ணி ரொப்பலாம்னு எவனோ சொன்னானாக்கும். அரைகொறையா ரொப்புனா நீ சாயுத பக்கம் தண்ணியும் ஓடும். மணல் தேவல. ஒன்றரை இஞ்சுப் பைப்பு, நாலடி, நல்லாக் காஞ்ச மணல். தட்டித் தட்டி எறக்கி, ரெண்டு பக்கமும் மூடி போட்டுப் பசை தடவி ஒட்டுனா மணலே ரெண்டரைக் கிலோ கிட்ட வரும். ரெண்டு இஞ்சுப் பைப்புன்னா நாலு கிலோவ எட்டும், ஆனா பிடி பருத்துப் போவும். தோளுக்கு வேலை வருததுக்கு முன்னால வெரலு ஓஞ்சுரும். அப்புறம், மணலுக்குன்னு வாளியத் தூக்கிட்டு ஆத்துக்கு எறங்கிராத. 2010-ல கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு ஐயா எம்பது தாண்டுன வயசுல மதுரைக் கிளை ஐகோர்ட்டுல தாமே நின்னு வாதாடி தாமிரவருணியில மணல் அள்ள தடை வாங்குன ஆளு. ஒன் புஜத்துக்காக அந்த ஆத்துல கை வச்சன்னா நானே போய்ச் சாட்சி சொல்லுவேன். எங்கயாவது கொத்தனார் வேலை நடக்குத எடத்துல ரெண்டு சட்டி எம்-சாண்ட் கேளு, குடுப்பாவ.

அரிசிப் பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உக்காந்து எந்திரிக்கது நல்ல ரோசனைதான். 10 கிலோப் பை, பிடிக்கவும் வசதி, விழுந்தாலும் கால ஒடைக்காது. 1937-ல இருந்து அம்பாசமுத்திரத்துல நெல்லு ஆராய்ச்சி நடக்கு. அங்க கண்டுபுடிச்ச ஏ.எஸ்.டி. 16-ஐத்தான் நீ இட்லியாவும் சோறாவும் முழுங்குத. கொஞ்ச நேரம் அதத் தூக்குனா என்ன கொறஞ்சு போச்சு? ஒரே ஒரு சிக்கல். ஒங்கம்ம தெனமும் அதுல இருந்து ரெண்டு ஆழாக்கு எடுப்பா. நீ மாசக் கடைசியில பைய அலாக்காத் தூக்கிட்டு, 'தாத்தா, எனக்குப் பலம் ஏறிட்டு'ன்னு போன் போடுவ. ஏறுனது பலம் இல்லல, எறங்குனது அரிசி.

அதான் நான் சொல்ல வந்தது. கனம் எவ்வளவுன்னு தெரியாத சாமானத் தூக்குதவனுக்கு, தான் தேறிட்டமா இல்லையான்னு எந்தக் காலத்துலயும் தெரியாது. கனந் தெரிஞ்சு தூக்குத இந்த வித்த ஒனக்கு முன்னாலயே ஊருக்குத் தெரியும். ராதாபுரம் பக்கம் வடலிவிளையில பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குதாவல்லா, போய்ப் பாத்திருக்கியா? ஒரே கல்ல வச்சுக்கிட்டு எல்லாரையும் 'தூக்குல'ன்னு சொல்லுததில்ல. சின்னக் கல்லுல இருந்து 129 கிலோ வரைக்கும் வரிசையாப் போட்டிருப்பாவ. எந்தக் கல்லு எத்தன கிலோன்னு ஊருக்கே பாடம். பொம்பளப் பிள்ளைகளும் வந்து தூக்குதுவ. பிடி கெடையாது, வழுவழுன்னு உருண்டையா இருக்கும். குனிஞ்சு, கட்டிப் புடிச்சு, தொடையில ஏத்தி, நெஞ்சுக்குக் கொண்டு வந்து, தோளத் தாண்டிப் பொறத்தால போடணும். அந்தக் காலத்துல அதத் தூக்குனவனுக்குத்தான் பொண்ணும்பாவ. இப்ப மாமனாருமாரு சம்பளச் சீட்டக் கேக்காவ, அதத் தூக்க ரெண்டு வெரலு போதும். ஆனா பொறத்தால போடுத சோலிய ஒன் ஹாலுல வச்சுக்கிடாத. கீழ் வீட்டுக்காரன் வாடகைக்கு இருக்கது ஒன் டைல்ஸ்ஸ மண்டையில வாங்கவா?

சரி, என்னதான் வாங்கன்னு கேக்க. கட்டட வேலைக்கு விக்காம்லா, முறுக்குக் கம்பி, அது போதும். கம்பி கட்டுத எந்த ஆளையும் நிறுத்திக் கேளு, தூக்கத்துலயும் சொல்லுவான்: எம்.எம்.-ஐ அதே எம்.எம்.-மால பெருக்கி 162-ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தன கிலோன்னு வந்துரும். 20 எம்.எம். கம்பி மீட்டருக்கு ரெண்டரைக் கிலோவுக்கு ஒரு முடி கொறவு. நாலடிக்கு வெட்டுனா 3 கிலோ. 25 எம்.எம்.-னா நாலடிக்கு 4.7 கிலோ. 32-க்குப் போனா 7.7 கிலோ. தராசே வேண்டாம், பள்ளிக்கொடத்துக் கணக்குப் போதும். ரெண்டு முனையும் ஒண்ணுபோல இருக்கதால நடு நடுவுலயே நிக்கும். வெட்டுன முனைய அங்கயே கிரைண்டர்ல தேய்ச்சு மழுக்கச் சொல்லு. இல்லேன்னா மொதக் கசரத்து தையல் போடுத கசரத்தாயிரும். கம்பியில உள்ள வரி உள்ளங்கையக் கீறும். சைக்கிள் கடையில பழைய டியூப் கேட்டு வாங்கி, நீளவாக்குல கிழிச்சு, இழுத்துச் சுத்து. ரெண்டு முனையிலயும் கூட நாலு சுத்து.

இப்பவே 32 தான் வேணுங்க. எனக்குத் தெரியும்ல, ஒங்கப்பனும் மொத நாளே சைக்கிள்ல கைய விட்டவன்தான். 20-ல ஆரம்பி. வீடியோ முடியுத மட்டும் முதுகு நேரா நின்னு, கடேசி நாலு தடவை மட்டும் மொகம் கோணுனா அது ஒனக்குச் சரியான கம்பி. மொத தடவையே கோணுனா அடுத்த வீட்டுக்காரனுக்குச் சரியான கம்பி. மூச்சப் புடிச்சுக்கிட்டுத் தூக்காத, ஏத்தும்போது வெளிய விடு. ரத்தக் கொதிப்போ முதுகு வலியோ இருந்தா வீடியோவக் கேக்காம, ஐகிரவுண்டு ஆசுபத்திரியில ஒரு சீட்டு எழுதிக் காட்டிட்டு வா. தலைக்கு மேல தூக்குததுக்கு முன்னால அண்ணாந்து பாரு. அங்க ஃபேனு சுத்தும், அதுக்கு நீ கசரத்துப் பண்ணுதது தெரியாது. காலுக்கு அடியில விரிக்கப் பத்தமடைப் பாய் வாங்கிக்கலாம்னா நான் தடுக்க மாட்டேன், ஆனா டைல்ஸ்ல வழுக்கும். அதுல படுத்துத் தூங்கு. கசரத்துக்கு ரப்பர் விரிப்பு போடு.

ரெண்டு மாசம் 20-ஐப் புடிச்சு ஒழுங்காப் பண்ணு. பொறவு 25-க்கு மாறு. மாறுத அன்னைக்குப் பழைய கம்பிய இரும்புக் கடையில போட்டுராத, டியூப்ப உருவிட்டு இங்க கொண்டு வா. கன்னுக்குட்டியக் கட்டுத முளை போன ஐப்பசி மழையில செல்லரிச்சுப் போச்சு. நாலடிக் கம்பி, அதுவும் 20 எம்.எம்., நல்லா நிக்கும். பின்ன நான் எதுக்கு ஒனக்கு இத்தன நேரம் கணக்குச் சொல்லிக் குடுத்தேன்னு நெனச்ச?