மூன்று தட்டு, ஒரு ஊதல்

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற பாலைவனச் சிற்றூருக்கு என்னைக் கூட்டிப்போனாள். ஊரில் சுமார் ஐயாயிரம் பேர்தான் இருப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்மண்ணைக் குழைத்து நிறுத்தியதுபோலச் சிவப்புப் பாறை. ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என்று இரண்டு தேசியப் பூங்காக்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆர்ச்சஸில் ஒரு கல்தூணின் தலைமேல் பெரும்பாறை ஒன்று, இதோ விழுந்துவிடுவேன் என்பதுபோல உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் யாரும் ஏறக் கூடாதாம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னப்பா, எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்றாள் மகள்.

மாமல்லபுரத்தில் இதேபோல விழாமல் நிற்கிற வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு அடியில் சறுக்கி டவுசரைக் கிழித்துக்கொண்ட செங்கல்பட்டுப் பையன் யாரைக் கேட்டாலும் காரணம் சொல்வான்.

எங்களுக்கு மாமல்லபுரம் வெறும் முப்பது கிலோமீட்டர். ஆனால் எழுபதுகளில் அந்த முப்பது கிலோமீட்டர் ஒரு முழுநாள் திருவிழா. அம்மா விடிவதற்குள் புளிசாதம் கிளறி வாழையிலையில் கட்டிவிடுவாள், பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோர சீட்டுக்குத் துண்டு போட அண்ணன் முன்னாலேயே ஓடுவான், வண்டி கிளம்பினால் புளியமர நிழலும் வெயிலும் மாறி மாறி முகத்தில் அடிக்க, திருக்கழுக்குன்றத்தில் இறங்காமல் நேரே கடலுக்குப் போகலாம் என்று நானும், மலையேறாமல் போனால் பாவம் என்று பாட்டியும் வழியெல்லாம் சண்டை போடுவோம். ஜெயிப்பது பாட்டிதான்.

அந்த மலையில் உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் வரும். குருக்கள் பாறைமேல் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கலை நீட்டுவார். வெள்ளை உடம்பும் மஞ்சள் முகமுமாக அவை வந்து, கல்யாணப் பந்தியில் உட்காருகிற பெரியவர்களைப் போல நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பறந்துபோகும். காசியில் குளித்துவிட்டு வருகின்றன என்பாள் பாட்டி. இவ்வளவு தூரத்தை ஒரே காலையில் எப்படிப் பறக்கும் என்று நான் கணக்குப் போட்டுக் கேட்பேன். பதில் வராது, பொங்கல் வரும். தொண்ணூறுகளுக்குப் பிறகு கழுகுகள் வரவில்லை. நாடு முழுக்கவே பாறுக் கழுகுகள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. இன்றைக்கும் அந்தப் படிகளில் ஏறினால் உச்சிவேளையில் கண் தானாக வானத்தைத் துழாவுகிறது.

மாமல்லபுரத்தைக் கண்ணுக்கு முன்னால் காதுதான் கண்டுபிடிக்கும். பஸ் நிற்பதற்குள்ளேயே உளிச் சத்தம் வந்துவிடும். தெருவுக்குத் தெரு கீற்றுக்கொட்டகை, கொட்டகைக்குக் கொட்டகை நாலைந்து சிற்பிகள். எங்கள் அப்பாவுக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் கருங்கல்லைச் சுத்தியலால் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். மணி போல ஒலித்தால் ஆண்கல், தாளம் போல ஒலித்தால் பெண்கல், ஓசையே எழும்பாவிட்டால் சிலைக்கு ஆகாது. அவரிடம் வேலை கற்றுக்கொண்ட பையனுக்கு என் வயதுதான். செங்காவியில் நனைத்த நூலை இழுத்து விட்டு விழுந்த கோட்டின்மேல் உளியை வைத்து மூன்று தட்டுத் தட்டுவான், பிறகு குனிந்து தூளை ஒரு ஊது ஊதுவான். மூன்று தட்டு, ஒரு ஊதல். பள்ளிக்கூடம் போகாமல் இருக்க இதைவிட அழகான வழி இருக்க முடியாது என்று அன்றைக்கு அவன்மேல் அவ்வளவு பொறாமைப்பட்டேன்.

அதற்கப்புறம்தான் உருண்டை. இருபதடி உயரம், இருநூற்றைம்பது டன் என்பார்கள். 1908இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொல்லியும் அசையவில்லை என்ற கதையை ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட ஒப்பிக்கும். எங்களுக்குப் பெரிசு அதன் கீழே இருந்த சரிவுதான். எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் சறுக்கித் தேய்த்தார்களோ, பாறை எண்ணெய் தடவினாற்போலப் பளபளக்கும். மத்தியான வெயிலில் தொடை பொரியும். அப்படியும் பத்துத் தடவை சறுக்காமல் இறங்க மாட்டோம். கடற்கரைக் கோயில் பக்கம் வந்து சவுக்கு நிழலில் புளிசாதத்தைப் பிரித்தால் வாய்க்கு நாலு பருக்கையும் இரண்டு மணலும் கிடைக்கும்.

1984இல் யுனெஸ்கோ இந்தச் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மணல் இருந்த இடத்தில் புல்தரை வந்தது, கம்பிவேலி வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் சென்னைக்காரர்கள் காலை டிபனுக்கே வந்துவிடுகிறார்கள். 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் அந்த உருண்டைக்கு முன்னால் கைகோத்து நின்ற படத்தை உலகமே பார்த்தது. வேலி போட்டது நல்லதுதான். ஐந்து ரதத்துக் கல்யானைமேல் நாங்கள் ஏறி உட்கார்ந்ததை நினைத்தால் இப்போது எனக்கே பதறுகிறது. ஆயிரத்து முந்நூறு வருஷமாக நிற்கிற கல், நாலு பிள்ளைகள் போட்ட ஆட்டத்தையும் பொறுத்துக்கொண்டது.

மோவாபிலிருந்து திரும்பியபின், ஊருக்கு வந்த மகளோடு மாமல்லபுரம் போனேன். ஆர்ச்சஸில் பாறையைப் பார்க்க முன்பதிவா என்று ஆச்சரியப்பட்டவன், இங்கே செல்போனில் டிக்கெட் வாங்கக் கற்றுக்கொண்டேன். சிற்பக்கூடத் தெருவில் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கிரைண்டர் மெஷின் கல்லை அறுக்கிற சத்தம், முழங்கால்வரை வெள்ளைத் தூசி. பத்து நாள் வேலை இரண்டு நாளில் முடிகிறது, முதுகு பிழைத்தது என்றார் ஒரு சிற்பி. 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அமெரிக்கக் கோயில்களுக்கும் விக்கிரகம் போகிறது என்று பெருமையோடு சொன்னவர், முகத்துணியை இறக்கிக் கொஞ்சம் இருமினார். கல்லைத் தட்டி ஓசை கேட்பீர்களா என்று கத்திக் கேட்டேன். அவர் காதில் விழவில்லை.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

தெரு சட்டென்று அடங்கியது. முதலில் கடல் கேட்டது. பிறகு பக்கத்துக் கொட்டகையிலிருந்து உளி. எட்டிப் பார்த்தேன். பதினெட்டு வயது இருக்கும், ஒரு பையன் அம்மன் சிலையின் கண்ணிமைக்கு மேலே குனிந்திருந்தான். கண்ணுக்கும் உதட்டுக்கும் மெஷின் வைக்க மாட்டோம், கைவேலைதான் என்றார் சிற்பி. மகள் போனை எடுத்தாள், பிறகு என்னைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள்.

மூன்று முறை தட்டினான். உதட்டைக் குவித்து, இமையோரத்துத் தூளை ஊதினான்.